டிஸ்பேஸ் 5இலிருந்து 7க்கு மாறியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதல் பதிவு

எங்கள் கல்லூரி நூலகத்தின் ஆய்வேடுகள், பழைய ஆண்டு மலர்கள், மாணவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த களப்பணிக் குறிப்புகளின் ஸ்கேன் எல்லாம் டிஸ்பேஸ் என்ற மின்காப்பக மென்பொருளில்தான் இருக்கின்றன. பல வருடமாகப் பதிப்பு 5. போன கோடை விடுமுறையில் 7க்கு ஏற்றினேன். நான் நூலகர், ஜாவா தெரியாது. தெரிந்த முன்னாள் மாணவர் ஒருவர் இரவு நேரங்களில் போனில் கூடவே இருந்தார்.

பயந்தது டேட்டாபேஸுக்குத்தான். அது சுலபமாகவே முடிந்தது. 5இல் ஒவ்வொரு ஆவணத்துக்கும் சாதாரண எண்தான் அடையாளம். 6இலிருந்து அது யூயூஐடி என்ற நீளமான தனிக்குறியீடு. அதற்காக டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸில் முதலில் பிஜிகிரிப்டோ என்ற துணை நிரலை நிறுவ வேண்டும். அப்புறம் ‘டேட்டாபேஸ் மைக்ரேட்’ கட்டளையின் கடைசியில் ‘இக்னோர்டு’ என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுத்தோம். அட்டவணைகள் எல்லாம் தாமாக மாறின. பிடிஎஃப் கோப்புகள் கிடக்கும் அசெட்ஸ்டோர் அடைவை அப்படியே நகலெடுத்து வைத்தால் போதும்.

சோதனைக் கணினியில் தெருக்கூத்து பற்றிய ஓர் ஆய்வேட்டைத் திறந்து பார்த்தேன். கோப்பு இருந்தது, சுருக்கம் இருந்தது. பார்வை எண்ணிக்கை மட்டும் பூஜ்யம். வேறொன்றைத் திறந்தேன், அதுவும் பூஜ்யம். வயிற்றைக் கலக்கிவிட்டது.

யார் எதைப் பார்த்தார்கள், எத்தனை முறை இறக்கினார்கள் என்ற கணக்கு போஸ்ட்கிரெஸில் இல்லை, சோலர் என்ற தேடல் மென்பொருளில்தான் இருக்கிறது. பழைய பதிப்பில் சோலர் டிஸ்பேஸோடு சேர்ந்தே வந்து டாம்கேட் என்ற வலை சர்வருக்குள் ஓடியதால் அப்படி ஒன்று இருப்பதையே நான் கவனித்ததில்லை. 7க்குச் சோலரைத் தனியாக நிறுவ வேண்டும். நான் எடுத்து வைத்திருந்த காப்பு டேட்டாபேஸும் அசெட்ஸ்டோரும் மட்டும். நல்ல வேளை, பழைய சர்வரை நிறுத்தவில்லை.

பழையதில் ‘சோலர் எக்ஸ்போர்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ கட்டளையை ஓட்டினால் கணக்கு முழுவதும் சிஎஸ்வி கோப்புகளாக வெளியே வரும். அவற்றைப் புதியதில் ‘இம்போர்ட்’ செய்தோம். அப்போதும் சரியாகவில்லை, ஏனென்றால் அந்த வரிகளில் இருப்பவை பழைய எண் அடையாளங்கள். ‘சோலர் அப்கிரேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் 6எக்ஸ்’ என்று இன்னொரு கட்டளை அவற்றை யூயூஐடியாக மாற்றுகிறது. அதையும் ஓட்டி, தேடலுக்கான இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டி முடிக்க விடிந்துவிட்டது.

சில எண்களுக்காக இவ்வளவா என்று சக ஊழியர் ஒருவர் கேட்டார். வீட்டிலேயே முதன்முதலாக ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் எங்களிடம் அதிகம். படித்து முடித்துப் போய் மூன்று வருடம் கழித்தும் வந்து, “மேடம், என் ஆய்வேட்டை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?” என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் பூஜ்யத்தைக் காட்ட முடியாது.

மறுமொழி 1

மேடம், எனக்கு உள்நுழைவில்தான் மாட்டிக்கொண்டது. 7இல் பயனர் பார்க்கும் முகப்பு ஆங்குலர் என்ற வலைக் கட்டமைப்பிலும் பின்புலம் ஜாவாவிலும் தனித்தனியாக ஓடுகின்றன. என் கணினியில் எல்லாம் வேலை செய்தது. சர்வரில் ஏற்றியதும் பக்கங்கள் திறக்கின்றன, உள்ளே மட்டும் போக முடியவில்லை. இரண்டு நாள் பாஸ்வேர்டையே சந்தேகப்பட்டேன். லோக்கல் டாட் சிஎஃப்ஜி என்ற அமைப்புக் கோப்பில் முகப்பின் முகவரியை எச்டிடிபி என்று எழுதியிருந்தேன், தளமோ எச்டிடிபிஎஸ்ஸில் ஓடியது. உலாவியில் தெரியும் முகவரியும் அங்கே எழுதியதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பின்புலத்துக்கும் எச்டிடிபிஎஸ் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் உள்நுழைவை நினைவில் வைக்கும் குக்கி நிற்காது.

ஆங்குலர் முகப்பைத் தொகுத்து ஓடும் வடிவாக்கும் பில்டுக்கு மெமரியும் நிறைய வேண்டும். எங்கள் சின்ன சர்வரில் பாதியில் செத்துப்போனது. வேறு கணினியில் பில்டு செய்து, ‘டிஸ்ட்’ அடைவை மட்டும் கொண்டுவந்து வைத்தேன்.

மறுமொழி 2

நாங்கள் பழைய பதிப்பின் ஜேஎஸ்பி முகப்பில் பொத்தான்கள், தலைப்புகள் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைத்திருந்தோம். 7இல் அந்த முகப்பே கிடையாது. மொழிபெயர்ப்புகள் இப்போது ஜேசன்5 என்ற வடிவக் கோப்புகளில் இருக்கின்றன, ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் சாவிச் சொற்களும் வேறு. ஆயிரக்கணக்கான வரிகள். பழையதிலிருந்து எடுக்க முடிந்தது கொஞ்சம்தான், மற்றதை மூன்று பேர் பிரித்துக்கொண்டு எழுதினோம். அந்த உழைப்பையும் கணக்கில் வைத்துத்தான் தேதி சொல்ல வேண்டும்.

பதிவேற்றப் படிவத்துக்குப் பயப்பட வேண்டாம். பழைய ‘இன்புட் ஃபார்ம்ஸ்’ கோப்பைப் புதிய ‘சப்மிஷன் ஃபார்ம்ஸ்’ வடிவத்துக்கு மாற்றித் தரும் கட்டளை ஒன்று கூடவே வருகிறது. எங்கள் ‘நெறியாளர்’, ‘துறை’ புலங்கள் ஒழுங்காக வந்தன.

மேடம், ஒரு சந்தேகம். ஆசிரியர் பெயர்களை ஒழுங்குபடுத்த ‘அத்தாரிட்டி’ வசதியைப் பயன்படுத்தியிருந்தீர்களா? அந்தப் பெயர்களும் சோலரில்தான் இருக்கும். புள்ளிவிவரத்தை எடுத்தது போல அதையும் தனியாக வெளியே எடுக்க வேண்டும்.

முதல் பதிவர்

ஐயோ, தமிழ்த்துறை ஆய்வேடுகளுக்கு மட்டும் பயன்படுத்தியிருந்தோம். பழைய சர்வர் இன்னும் அறையில்தான் இருக்கிறது, வயரைக்கூடப் பிடுங்கவில்லை. நாளைக் காலை போனதும் எடுத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.