மருதாணியையும் அவுரியையும் சேர்த்து ஊறவைத்தும் நரை கறுக்கவில்லையே, ஏன்?

காரைக்குடி மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. வகிட்டின் இருபுறமும் நரை நன்றாகத் தெரியத் தொடங்கிவிட்டது. சென்ற ஆண்டு ‘கறுப்பு மருதாணி’ என்று விற்ற ஒரு பொட்டலத்தைப் பூசிய மறுநாளே காதோரம் தடித்து நீர் கோத்துக்கொண்டதால், இனி மூலிகைகளைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்வது என்று தீர்மானித்தேன். கொல்லையில் நிற்கும் மருதாணியை நிழலில் உலர்த்தி இடித்து, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அவுரிப் பொடியை அதனுடன் கலந்து, எலுமிச்சைச் சாறும் தேயிலைக் கஷாயமும் விட்டு, இருப்புச்சட்டியில் இரவு முழுவதும் ஊறவைத்துப் பூசினேன். மூன்று மணி நேரம் பொறுத்து அலசிப் பார்த்தால், நரைமுடி அத்தனையும் செங்கல் நிறத்தில் இருக்கிறது. முடியும் தேங்காய் நார் போல முரடாகிவிட்டது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு நீர். அடுத்த மாதம் கொழுந்தனார் மகளுக்குத் திருமணம் வருகிறது. எங்கே தவறினேன் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தேவகோட்டை ஆச்சி:

அம்மா, இரண்டு பொடிகளையும் ஒன்றாக ஊறவைத்ததுதான் தவறு. மருதாணிக்குப் புளிப்பும் பொறுமையும் வேண்டும். அவுரிக்கு வெறும் வெந்நீரும் அவசரமும் வேண்டும். மருதாணி இலையில் உள்ள லாசோன் என்னும் சாயம் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறும்போது மெல்ல வெளிப்பட்டு முடியில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அவுரியிலோ தண்ணீர் பட்ட உடனேயே நீலம் பிறக்கத் தொடங்கி, காற்றுப் பட்டுச் சீக்கிரமே முற்றிவிடும். முற்றிய நீலம் முடியில் ஏறாது. நீங்கள் காலையில் பூசியபோது அவுரியின் வேலை சட்டியிலேயே முடிந்துவிட்டிருக்கும், எலுமிச்சையும் அதற்கு ஆகாது.

முதலில் மருதாணியை மட்டும் பூசி இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, வெறும் நீரில் அலசித் துவட்டுங்கள். பிறகு அவுரியை ஒரு சிட்டிகை உப்புடன் வெதுவெதுப்பான நீரில் தோசை மாவுப் பதத்தில் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேற்பரப்பு நீலம் படர்ந்து கறுக்கும்போது உடனே பூசி, ஒன்றரை மணி நேரம் விடுங்கள். அலசியதும் சற்றுப் பச்சை தெரிந்தால் கலங்க வேண்டாம். இரண்டு நாளில் கறுத்துவிடும். அதுவரை சீயக்காயும் எண்ணெயும் தொடக் கூடாது. தோள்வரை உள்ள முடிக்கு இரண்டு பொடியிலும் தலா 100 கிராம் போதும். பூசும் நாளில் தலையில் எண்ணெய்ப் பசை இருந்தால் எந்த நிறமும் ஒட்டாது.

இன்னொன்று. தென் மாவட்டங்களில் பேதிக்குக் கொடுக்கும் நிலாவரையையும் அவுரி என்றே சிலர் அழைக்கிறார்கள், அதில் நீலமே கிடையாது. ஒரு கரண்டிப் பொடியை வெந்நீரில் கரைத்துக் கால் மணி நேரம் பாருங்கள். நீலம் படரவில்லை என்றால் அது நமக்கு வேண்டிய அவுரி இல்லை.

புதுக்கோட்டை மருந்தாளுநர்:

ஆச்சி சொன்ன முறை சரியானது. நான் அந்தப் பொட்டலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மருதாணி தனியாக ஒருபோதும் கறுப்பு நிறம் தராது. கறுப்பு மருதாணி என்று விற்பவற்றில் பல நேரங்களில் பாரா ஃபீனைலின் டையமின் என்னும் ரசாயனம் சேர்க்கப்பட்டிருக்கும். ஒருமுறை அதற்கு ஒவ்வாமை வந்தவருக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாக வரக்கூடும் என்பதால், கடைச் சாயம் எதையும் தோல் மருத்துவரைக் கேட்காமல் இனித் தொடாதீர்கள். மூலிகையானாலும் காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டே தலையில் இடுங்கள். வீட்டில் ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் பிறவிக் குறைபாடு) உள்ள குழந்தை இருந்தால், அதற்கு மருதாணியே இடக் கூடாது.

கானாடுகாத்தான் பேத்தி:

முடி முரடானதற்கு மருதாணியோடு உங்கள் தண்ணீரும் காரணமாக இருக்கலாம், அக்கா. உப்பு நீரில் சோப்பு திரிந்து முடியில் வெண்பொடியாகப் படியும். சீயக்காய் அப்படித் திரிவதில்லை. அடைமழைக் காலத்தில் எங்கள் அப்பத்தா முற்றத்துக் கூரையிலிருந்து விழும் நீரை அண்டாவில் பிடித்து, வெள்ளைத் துணியால் வேடு கட்டித் தலைக்குக் குளிக்கவென்றே வைத்திருப்பார். அந்த நீரில் கடைசியாக ஒரு செம்பு ஊற்றினாலே சிக்கு விழாது. நிறம் ஏற்றி ஒரு வாரம் கழித்து, இரவில் ஊறவைத்த ஒரு கைப்பிடி வெந்தயத்தையும் பத்துச் செம்பருத்தி இலைகளையும் சேர்த்து அரையுங்கள். விரலில் எடுத்தால் நூல் போல இழுபடும் அந்தக் கொழகொழப்புத்தான் முடியை மென்மையாக்கும். அரை மணி நேரம் வைத்தால் போதும். கரிசலாங்கண்ணித் தைலம் நரையைக் கறுப்பாக்கும் என்று மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். தலைக்குக் குளிர்ச்சி என்று வேண்டுமானால் தேய்த்துக்கொள்ளலாம்.

காரைக்குடி மருமகள்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மீதமிருந்த பொடியைக் கரைத்துப் பார்த்தேன். கால் மணி நேரத்துக்குப் பிறகும் பழுப்பாகவே இருக்கிறது, ஆச்சி. வேறு கடையில் கேட்டு வாங்கி, காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டு, திருமணத்துக்குப் பத்து நாள் முன்பாகப் பூசிக்கொள்கிறேன்.