பழைய போட்டோவில் நிற்கும் அந்தக் கார் எது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். தாத்தாவும் அவருடைய நண்பரும் ஒரு திறந்த காரின் முன்னால் நிற்கும் போட்டோ எங்கள் வீட்டில் உண்டு. காரை அடையாளம் காண முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டரை. அதைத்தான் இரண்டு பேரும் முக்கால்வாசி மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்!

ஸ்டியரிங் வலப்பக்கம் தெரிந்ததால் பிரிட்டிஷ் கார் என்று முடிவு கட்டினேன். தொடக்க கால மோரிஸின் முகப்பு வட்டமாக இருக்கும், இதில் தெரிந்த மூலையோ சதுரம். 1922இல் வந்த ஆஸ்டின் செவனா என்றால், அது இதைவிட ரொம்பச் சின்னது. இப்படியே மூன்று மாதம் போனது.

ஒருநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்ணில் பட்டது கார் அல்ல, தாத்தாவின் கோட்டு. மேல்பை வலப்பக்கம் இருந்தது. ஆண்கள் கோட்டில் அது இடப்பக்கம்தானே இருக்கும்? நண்பரின் கோட்டிலும் அப்படியே. நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள்! அதுவரை நான் தேடியது எல்லாம் கண்ணாடியில் தெரியும் காரை.

படத்தைத் திருப்பினேன். ஸ்டியரிங் இடப்பக்கம் வந்தது. அந்தப் பக்கத்து முன்கதவில்தான் விஷயமே இருந்தது. தகட்டில் கதவு மாதிரி ஒரு கோடு அழுந்தியிருக்கிறது, அவ்வளவுதான். பின்கதவில் தெரியும் கீலோ இடைவெளியோ அதில் இல்லை. அது பொய்க்கதவு. அமெரிக்காவில் செய்த ஃபோர்டு மாடல் டி டூரிங் கார்களின் அடையாளமே இதுதான். டிரைவரும் வலப்பக்கமாக ஏறி நகர்ந்துதான் உட்கார வேண்டும். ரேடியேட்டரின் தெரிந்த ஓரம் கறுப்பு. பித்தளை ரேடியேட்டர் 1916 மாடலோடு முடிந்தது, 1926 மாடலில் டிரைவர் பக்கம் நிஜக் கதவே வந்துவிட்டது. ஆக, 1917க்கும் 1925க்கும் நடுவில் செய்த கார். போட்டோ எப்போது எடுத்தது என்பது வேறு கணக்கு. பத்து வருஷம் ஓடிய காராகவும் இருந்திருக்கலாம்.

•

எங்கள் கதையில் குழப்பியது நிறம். "அது சிவப்புக் கார்" என்று பாட்டி சாகும்வரை சொன்னார். போட்டோவில் கார் அட்டைக் கரி. வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நாங்களும் தலையாட்டி வைத்தோம். 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பில் மட்டும்தான் வந்தது, அதனால் இதுவும் ஃபோர்டு என்று மாமா அடித்துச் சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் ஆர்த்தோ பிலிம் பற்றிப் படித்தேன். அந்தக் கால பிலிமுக்குச் சிவப்பு உறைக்காது, கறுப்பாகவே விழும். நீலம் வெளுத்துப்போகும். பாட்டி சொன்னது சரிதான். திரும்ப உட்கார்ந்து ஸ்கேன் செய்து பார்த்தேன். சக்கரத்தின் நடு மூடியில் ஒரு அறுகோணம். அமெரிக்க பேக்கார்டு கம்பெனியின் அடையாளம்! முன்சக்கரத்தில் பிரேக் டிரம்மும் இருந்தது. பேக்கார்டில் அது 1923இல்தான் வந்தது. மாமா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

•

உங்களுக்காவது கார் கிடைத்தது. நான் ஆறு மாதம் தேடினேன். மட்கார்டு ஒரு கம்பெனி மாதிரி, ஹெட்லைட் இன்னொன்று மாதிரி, கதவு எதிலும் சேரவில்லை. யாரோ கைவேலையாகக் கட்டிய அபூர்வ கார் என்றே நம்பிவிட்டேன். கடைசியில் நண்பன் ஒருவன் கேட்டான்: "டயருக்குக் கீழே நிழல் எங்கே?"

பார்த்தால் நிழல் இல்லை. பின்னால் இருந்த மரங்களின் நடுவே ஒரு துணி மடிப்பு ஓடியது. ஸ்டூடியோவில் போட்டோவுக்காகப் பலகையில் வரைந்து வைத்த கார்! கொள்ளுத்தாத்தா அதன் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை அப்படிப் பிடித்திருக்கிறார்.

படத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டேன். "என்ன கார்?" என்று கேட்பவர்களிடம் முதலில் ஒன்றும் சொல்வதில்லை.