விடுதி ஃபேன், டியூப்லைட் மாற்றம்: 25 லட்சத்தில் எதை முதலில் செய்வது?

பராமரிப்பு_மதுரை (கேள்வி):
தனியார் பல்கலைக்கழக வளாகம், ஹெச்டி (உயர் அழுத்த மின்) இணைப்பு. மூன்று விடுதிகளில் 420 அறைகள். அறைக்கு இரண்டு சாதா ஃபேன், காப்பர் சோக் போட்ட இரண்டு 36 வாட் டியூப்லைட். தாழ்வாரங்களில் இன்னும் 300 டியூப். வகுப்பறைகள் 90, ஒவ்வொன்றிலும் ஆறு ஃபேன். இந்த ஆண்டுக்கு 25 லட்சம் ஒதுக்கியிருக்கிறார்கள். "எல்லா ஃபேனையும் பிஎல்டிசி ஆக்குங்கள்" என்பது நிர்வாகத்தின் விருப்பம் (பிஎல்டிசி என்பது குறைந்த மின்சாரத்தில் ஓடும், பிரஷ் இல்லாத மோட்டார் ஃபேன்). எந்த வரிசையில் போவது சரி? சென்ற முறை ஒரு மாடியில் போட்ட எல்இடி டியூப்களில் பாதிக்கு மேல் நான்கே மாதத்தில் போய்விட்டன. அதற்குக் காரணமும் தெரிய வேண்டும்.

வாட்கணக்கு:
வாட்டை மட்டும் பார்க்காதீர்கள், ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

சாதா ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி 30. ஆனால் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் மூன்றாம் எண்ணில் ஓடும் பழைய ஃபேன் அவ்வளவு இழுக்காது. அதனால் சேமிப்பை 40 வாட் என்றே போடுங்கள். விடுதியில் தினம் 16 மணி, 300 நாள் என்றால் 192 யூனிட், சுமார் 1,540 ரூபாய். ஃபேன் 2,900 ரூபாய் என்றால் இரண்டு ஆண்டுக்குள் போட்ட பணம் வந்துவிடும். இதே ஃபேனை வகுப்பறையில் மாட்டினால் ஆண்டுக்கு 1,000 மணிதான் ஓடும். 40 யூனிட், 320 ரூபாய். முதல் எடுக்க ஒன்பது ஆண்டு! வகுப்பறை ஃபேனைத் தொடவே வேண்டாம். மோட்டார் காயில் எரிந்து போகிறபோது ஒவ்வொன்றாக மாற்றினால் போதும்.

விளக்கில் பணம் இன்னும் வேகமாகத் திரும்பும். 36 வாட் டியூப் சோக்கோடு சேர்த்து 50 வாட் இழுக்கும். 20 வாட் எல்இடி பேட்டன் (ஃப்ரேமோடு ஒன்றாக வரும் விளக்கு) 250 ரூபாய். இரவு முழுக்க எரியும் தாழ்வார விளக்கில் மூன்று மாதத்தில் முதல் வந்துவிடும், அறை விளக்கில் ஏழு மாதம். ஆகவே 1,140 விளக்கையும் முதலில் முடியுங்கள், 2.85 லட்சம் ஆகும். அடுத்து 840 விடுதி ஃபேனில் 700, 20.3 லட்சம். மீதியை மாடி டிபிகளை (மின் பகிர்வுப் பெட்டிகளை) சரிசெய்ய ஒதுக்குங்கள். அந்தச் செலவைத் தவிர்த்தால் மற்ற இரண்டும் வீண். மாட்டும் கூலி இதில் சேரவில்லை.

நியூட்ரல்_பார்:
எல்இடி கூட்டமாகப் போவதற்குப் பெரும்பாலும் டியூப் காரணமில்லை, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர்தான். மூன்று ஃபேஸ் வரும் மாடியில் நியூட்ரல் லூசானால், குறைந்த லோடு உள்ள ஃபேஸில் வோல்டேஜ் 300ஐத் தாண்டி ஏறும். பழைய சோக் அதைக் கொஞ்ச நேரம் தாங்கும், எல்இடிக்குள் இருக்கும் டிரைவர் போர்டு தாங்காது.

இரவு 8 மணிக்கு, எல்லா அறையிலும் லோடு இருக்கும்போது, டிபியில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் அளந்து பாருங்கள். ஒன்று 255, இன்னொன்று 205 என்று காட்டினால் சந்தேகமே வேண்டாம். சப்ளையை நிறுத்திவிட்டு நியூட்ரல் வயர்கள் சேரும் லிங்க்கைத் திறந்து பாருங்கள். ஸ்குரூ தலை கறுத்திருக்கும், அதன் அடியில் வயரின் பிவிசி பழுப்பேறிச் சுருண்டிருக்கும். அந்த நுனியை வெட்டி எறிந்து புது லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து அழுத்திக் கிரிம்ப் பண்ணுங்கள். வெறுமனே முறுக்கிவிட்டால் மறு கோடைக்குள் திரும்ப வரும். அலுமினிய கேபிள், செம்பு பார் என்றால் பைமெட்டல் லக் கட்டாயம்.

இன்னொன்று. பழைய ஃப்ரேமில் எல்இடி டியூப் செருகுவதைவிட முழு பேட்டனாக மாற்றுவதே நல்லது. சில எல்இடி டியூபுக்கு ஒரே முனையில் சப்ளை, சிலதுக்கு இரு முனையிலும். ஒரு முனைக்கு வயரிங் செய்த ஃப்ரேமில் யாராவது பழைய டியூபைச் செருகினால் ஃபிலமென்டுக்கு நேராக 230 வோல்ட் போகும், டியூப் வெடிக்கவும் கூடும். டெண்டரில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் பயன்படும் பங்கு) 0.9க்கு மேல், சர்ஜ் (திடீர் வோல்டேஜ் ஏற்றம்) தாங்கும் திறன் 4 கேவி, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) குறி மூன்றையும் எழுதுங்கள்.

ஃபேன்_பெஞ்ச்:
பிஎல்டிசி மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கட்டாயம் கழற்றுங்கள். இரண்டு வயரையும் கனெக்டரில் சேர்த்துவிட்டு மேலே பிளாங்க் பிளேட் போடுங்கள். ரெகுலேட்டர் வெட்டித் தரும் அலையில் ஃபேனுக்குள் இருக்கும் போர்டு சூடேறிச் சாகும்.

விடுதிக்கு வெறும் ரிமோட் மாடல் வாங்காதீர்கள். ரிமோட் தொலையும். தொலையாவிட்டாலும், ஒரே அறையில் இரண்டு ஃபேன் என்றால் ஒரு ரிமோட்டை அழுத்தினால் இரண்டும் வேலை செய்யும். சுவரில் திருகும் கன்ட்ரோலோடு வரும் மாடலோ, சுவிட்சை அணைத்துப் போட்டால் வேகம் மாறும் மாடலோ கேளுங்கள். நூற்றுக்கு ஐந்து என்று ஸ்பேர் போர்டும் ஆர்டரிலேயே சேருங்கள். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயம், அது இல்லாத சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

பராமரிப்பு_மதுரை:
மிக்க நன்றி. வகுப்பறைக் கணக்கை அப்படியே நிர்வாகத்திடம் வைக்கிறேன். இதையெல்லாம் செய்தால் டிமாண்ட் கட்டணமும் (ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச லோடுக்கான கட்டணம்) குறையும் அல்லவா?

வாட்கணக்கு:
தானாகக் குறையாது சார். பதிவான உச்ச டிமாண்ட், மின்வாரியம் அனுமதித்த டிமாண்டில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில் வரும். மீட்டரின் லோடு சர்வேயை (நேரவாரியான லோடு பதிவை) எடுத்து உச்சம் எந்த நேரத்தில் என்று பாருங்கள். காலை 11 மணிக்கு ஆய்வகங்களின் ஏசியால் வருகிறது என்றால் விடுதி மாற்றம் அதைப் பெரிதாக அசைக்காது. ஏசியை 24 டிகிரியில் நிறுத்துங்கள், ஆய்வகங்களை 15 நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக ஆன் செய்யச் சொல்லுங்கள். ஆறு மாதப் பதிவைப் பார்த்த பிறகே அனுமதி டிமாண்டைக் குறைக்க விண்ணப்பியுங்கள்.

சோக் எல்லாம் போனபின், பவர் ஃபேக்டரைச் சரிசெய்ய வைத்த கபாசிட்டர் பேனலையும் பாருங்கள். நிரந்தரமாக ஆனிலேயே இருக்கும் கபாசிட்டர்கள் நள்ளிரவில் பவர் ஃபேக்டரை லீடிங் பக்கம், அதாவது தேவைக்கு மேல் ஈடுசெய்த நிலைக்குத் தள்ளும்.

நியூட்ரல்_பார்:
கழற்றும் பழைய டியூபில் பாதரசம் உண்டு, உடைக்க விடாதீர்கள். புது பேட்டன் வந்த அட்டைப்பெட்டியிலேயே அடுக்கி, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். சோக்கின் செம்பைத் தனியாக எடை போட்டு விற்கலாம். பழைய ஃபேனை மட்டும் "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று அடுத்த பிளாக்கில் மாட்ட விடாதீர்கள்.