திரௌபதி சிரித்தாளா, இல்லையா?

சுவடிப்பூச்சி: "பாஞ்சாலியின் வாய்த்துடுக்குதான் பாரதப் போருக்கே காரணம்"னு பக்கத்து விவாத இழையில ஒருத்தர் தீர்ப்பு எழுதியிருக்கார். பாண்டவர் சபையில் தடுமாறி விழுந்த துரியோதனனைப் பார்த்து அவள் சிரிச்சாளாம். அப்போ அவள் சொன்னதாச் சொல்ற "குருடன் மகன் குருடன்" வசனமெல்லாம் 1988-ல் தொடங்கின தூர்தர்ஷன் மகாபாரதத் தொடர் பரப்பின ஞானம். புனே பண்டார்கர் நிறுவனம் பல சுவடிகளை ஒப்பிட்டுப் போட்ட மகாபாரதச் செம்பதிப்பில் சபா பர்வம் 43-ம் அத்தியாயத்தைத் திறங்க. துரியோதனன் பளிங்குத் தரையைத் தண்ணீர்னு நினைச்சு துணியைத் தூக்கறான், குளத்தைத் தரைன்னு நினைச்சு உள்ளே விழறான். சிரிச்சது வேலையாட்கள், பீமன், அர்ஜுனன், நகுல சகாதேவர். திரௌபதி பேரே இல்லை.

கூத்துமேடை: 43 படிச்சவர் 46 வர்றதுக்குள்ள தூங்கிட்டாரா? 46.30-ல, அதாவது 46-ம் அத்தியாயம் 30-ம் சுலோகத்துல, திரௌபதியும் பெண்களோட சேர்ந்து சிரிச்சாள்னு துரியோதனனே அப்பன் திருதராஷ்டிரன்கிட்ட சொல்றான். அதே செம்பதிப்பு. அடிக்குறிப்புல இல்ல, மேல மூலத்துலயே. சிரிச்சா. முடிஞ்சது.

சுவடிப்பூச்சி: முடியலை. அத்தியாயத்தைத் திறந்தா முதல்ல "உவாச" ("சொன்னார்") யாருக்குன்னு, அதாவது பேசறது யாருன்னு பார்க்கணும். 43 கதைசொல்லியான வைசம்பாயனர் ஜனமேஜய ராஜாவுக்குச் சொல்றது. 46 வயிற்றெரிச்சல்காரன் துரியோதனன் சூதாட்டத்துக்கு அப்பாவைக் கரைக்கச் சொல்றது. அதே சுலோகத்தில் முதல் பாதியை ஏன் முழுங்கினீங்க? "கிருஷ்ணன் பார்த்தனோடு (அர்ஜுனனோடு) உரக்கச் சிரித்தான்." 42-ம் அத்தியாயக் கடைசியிலேயே கிருஷ்ணன் துவாரகைக்குக் கிளம்பியாச்சு, சபையில் தங்கிப்போன விருந்தாளிகள் துரியோதனனும் சகுனியும்தான். ஊரில் இல்லாதவனையே சிரிக்க வச்சவன் திரௌபதியை விடுவானா?

கூத்துமேடை: அவன் புளுகன்னா, இரட்டையர் நகுல சகாதேவர் வருத்தப்பட்டு அவனைத் தாங்கிப் பிடிச்சாங்கன்னு அதே 46-ல ஏன் சொல்றான்? உங்க 43-ல அவங்களும்தானே சிரிக்கிறாங்க? புளுகுறவன் எதிரிக்கு நல்ல பேரா வாங்கித் தருவான்? சிரிச்சா.

எண்ணெய்ச்சட்டி: என்கிட்ட இருக்கற கங்குலி ஆங்கில மகாபாரதத்துல 43-ல சிரிப்பே காணோமே. பக்கம் கிழிஞ்சிருக்கா?

சுவடிப்பூச்சி: கிழியலை. கங்குலி மொழிபெயர்ப்பு 1883-லிருந்து 1896 வரை வந்தது. செம்பதிப்பு 1919-ல் தொடங்கி 1966-ல் முடிஞ்சது. அது செம்பதிப்புக்கு முந்தினது, அதனால அத்தியாய எண்கள் ஒத்துப்போகாது. சம்பவத்தை வச்சுத் தேடுங்க: சிசுபாலன் செத்து, ராஜசூயம் முடிஞ்சு, விருந்தாளிகள் கலைஞ்ச பிறகு. அங்கே "திருதராஷ்டிரன் மகனே, வாசல் இந்தப் பக்கம்"னு பீமன் சிரிச்சதாகவும் துரியோதனன் சொல்வான். கவனிங்க, பீமன். செம்பதிப்பு படிக்கறவங்க கீழே நட்சத்திரக் குறி போட்ட வரிகளைத் தனியா வச்சுக்கணும், அவை சில சுவடிகளில் மட்டும் வருபவை. நீளமானவை பின்னிணைப்புக்குப் போயிடும். ரெண்டையும் குழப்பினா கூத்துமேடை ஆயிடும்.

கூத்துமேடை: 46.30 நட்சத்திர வரி இல்லையே சார். அதுக்கு பதில்?

தென்பாடம்: எப்பவும் புனே, புனே. தென்னாட்டுப் பாடத்தைத் தர்ற கும்பகோணம் பதிப்புன்னு ஒண்ணு இருக்கறது இவர் கண்ணுக்குத் தெரியாதா? தென்னாட்டுச் சுவடின்னா இளக்காரம்.

சுவடிப்பூச்சி: புனேக்காரர்கள் கிரந்தம், தெலுங்கு, மலையாளச் சுவடிகளையும் ஒப்பிட்டுத்தான் பதிப்பிச்சாங்க. போன மாசம் கர்ணன் இழையிலும் இதே புலம்பல்தான். பதிப்பின் முன்னுரையைப் படிக்காம வர்றவங்களுக்கு நான் டியூஷன் எடுக்க முடியாது.

தென்பாடம்: ஒப்பிட்டாங்க சரி, ஏத்துக்கிட்டாங்களா? அடிக்குறிப்புக்குக் கீழே தள்ளினதுதான் அதிகம். கர்ணன் இழையில ஓடிப்போனது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

எண்ணெய்ச்சட்டி: அப்ப நான் எதைத்தான் படிக்கறது?

கூத்துமேடை: 46.30.

சுவடிப்பூச்சி: 42 கடைசி. கிருஷ்ணன் எங்கேன்னு பார்த்துட்டு வந்து பேசுங்க.

கூத்துமேடை: நான் கேட்டது கிருஷ்ணனைப் பத்தி இல்ல.