2018-இல் நின்றுபோன கிரெடிட் கார்டு கடனுக்கு இப்போது வக்கீல் நோட்டீஸ்: எப்படிப் பதில் எழுதுவது?

கேள்வி (திருப்பூர் வாசகி, 2025 அக்டோபர்)

அனைவருக்கும் வணக்கம். ஒரு தனியார் வங்கியில் வாங்கிய கிரெடிட் கார்டுக்கு 2018 பிப்ரவரி வரை தவணை செலுத்தி வந்தேன். நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த பனியன் நிறுவனம் மூடப்பட்டதால் அதன்பின் செலுத்த முடியவில்லை. அப்போது ஏறத்தாழ 58,000 ரூபாய் பாக்கி இருந்தது. சென்ற வாரம் வெளிமாநில வழக்கறிஞர் ஒருவரின் பெயரில் நோட்டீஸ் வந்துள்ளது. வட்டியும் அபராதமும் சேர்த்து 3,41,000 ரூபாயை ஏழு நாட்களுக்குள் செலுத்த வேண்டும், தவறினால் உரிமையியல் வழக்கும், காசோலை மோசடிக்கான பிரிவு 138-இன் கீழ்க் குற்ற வழக்கும் தொடரப்படும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நான் அந்த வங்கிக்குக் காசோலை எதுவும் கொடுத்ததே இல்லை.

இதற்கிடையில் வசூல் முகவர் ஒருவர் தினமும் அழைக்கிறார். "இன்றைக்கு 5,000 ரூபாய் மட்டும் கட்டுங்கள், மீதியைத் தவணையில் தருவதாக ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், வழக்கை நான் நிறுத்தி வைக்கிறேன்" என்கிறார். என் கொழுந்தனாரையும் அழைத்துப் பேசியிருக்கிறார். வீட்டில் எல்லோரும் கட்டிவிடச் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

மறுமொழி (ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கோயம்புத்தூர்)

அம்மா, அந்த 5,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள், அந்தக் கடிதத்திலும் கையெழுத்திடாதீர்கள். மற்ற எதையும் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நோட்டீஸை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், முத்திரை, நீங்கள் ஆஜராக வேண்டிய தேதி ஆகியவை அதில் இருக்கின்றனவா? இல்லையென்றால் அது ஒரு வழக்கறிஞர் எழுதிய கடிதமே தவிர, நீதிமன்றத்தின் சம்மன் ஆகாது. இத்தகைய நோட்டீஸ்கள் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி மொத்தமாக அச்சிட்டு அனுப்பப்படுவதை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். காசோலையே கொடுக்காதவருக்குப் பிரிவு 138-ஐக் காட்டி மிரட்டுவதிலிருந்தே உங்கள் கோப்பை யாரும் திறந்து பார்க்கவில்லை என்பது தெரிகிறது. அந்தப் பிரிவின்படி நடவடிக்கை எடுக்க வேண்டுமானால் ஒரு காசோலை திரும்பியிருக்க வேண்டும், திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும், அதைப் பெற்ற 15 நாட்களில் பணம் தரப்படாமல் இருந்திருக்க வேண்டும், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாகியிருக்க வேண்டும். தானியங்கிப் பற்று (தவணையைக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும் முறை) பணமின்றித் திரும்பியிருந்தால் 2007-ஆம் ஆண்டின் பணப்பரிமாற்ற முறைகள் சட்டத்தின் பிரிவு 25 பொருந்தக்கூடும். ஆனால் அதற்கும் இதே கால அளவுகள்தான்.

ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது, கடன் வாங்கியவரின் உறவினர்களையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக்கூடாது. உங்கள் கொழுந்தனாருக்கு வந்த அழைப்பின் தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு, வங்கிக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். முகவரின் நடத்தைக்கு வங்கியே பொறுப்பு. 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

மறுமொழி (சேலம் வாசகர்)

மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால் கடனே இல்லையென்று ஆகிவிடும் அல்லவா? பிறகு எதற்காகப் பதில் எழுத வேண்டும்? நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடலாமே.

மறுமொழி (வழக்கறிஞர், மதுரை)

ஐயா சொல்வதில் பாதிதான் சரி, மீதிப் பாதி இவரைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடியது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின்படி இத்தகைய கடனுக்கு வழக்குத் தொடர மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். அது முடிந்தால் வழக்குத் தொடர்ந்து வசூலிக்கும் வழி அடைபடுகிறதே ஒழிய, கடன் அழிந்துவிடுவதில்லை. அதே வங்கியில் உங்களுக்குச் சேமிப்புக் கணக்கு இருந்தால், அதிலுள்ள பணத்தைப் பழைய பாக்கிக்கு ஈடாக எடுத்துக்கொள்ள வங்கி முயலலாம். ஆகவே சம்பளக் கணக்கை வேறு வங்கியில் வைத்திருப்பது நல்லது.

சகோதரி, முதலில் காலவரம்பைக் கணக்கிடுவோம். உங்கள் கடைசித் தவணை 2018 பிப்ரவரி, அடுத்த தவணை தவறியது 2018 மார்ச் என்று கொண்டால், இயல்பாக 2021 மார்ச்சில் அவகாசம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் கொரோனா காலத்தை முன்னிட்டு உச்ச நீதிமன்றம் 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான காலத்தைக் காலவரம்புக் கணக்கிலிருந்து நீக்கியுள்ளது. 2020 மார்ச் நடுவில் உங்கள் கணக்கில் ஏறத்தாழ ஓராண்டு எஞ்சியிருந்தது. அந்த ஓராண்டு 01.03.2022-இல் மீண்டும் ஓடத் தொடங்கி 2023 மார்ச் வாக்கில் முடிந்திருக்கும். பல இடங்களில் இந்த இரண்டாண்டை மறந்துவிட்டுக் கணக்குச் சொல்கிறார்கள், எச்சரிக்கையாக இருங்கள்.

இந்தக் கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. காலவரம்பு முடிவதற்கு முன்பு கடனை ஒப்புக்கொண்டு நீங்கள் கையெழுத்திட்டு எதையாவது எழுதியிருந்தால், பிரிவு 18-இன்படி அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் தொடங்கும். அந்த அவகாசத்துக்குள் ஒரு பகுதியைச் செலுத்தி, அது உங்கள் கையெழுத்துடன் பதிவாகியிருந்தால் பிரிவு 19-இன்படியும் அப்படியே. மின்னஞ்சல் வழியான ஒப்புதலையும் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்கின்றன. 2018-க்குப் பிறகு வங்கிக்கு ஏதேனும் எழுதினீர்களா என்று தேடிப் பாருங்கள்.

முகவர் கேட்கும் கடிதம் இவற்றைவிட ஆபத்தானது. காலவரம்பு முடிந்த கடனை வெறுமனே ஒப்புக்கொள்வதாலோ, அதில் 5,000 ரூபாய் செலுத்துவதாலோ முடிந்துபோன காலவரம்பு உயிர் பெறுவதில்லை. ஆனால் "செலுத்துகிறேன்" என்று வாக்குறுதியளித்து எழுதிக் கையெழுத்திட்டால், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25(3)-இன்படி அதுவே ஒரு புதிய ஒப்பந்தமாகிவிடும். "மீதியைத் தவணையில் தருகிறேன்" என்று அவர் எழுதச் சொல்வது அந்த வாக்குறுதியைத்தான். அதில் 3,41,000 என்ற தொகையும் இருந்தால், இன்று கேள்விக்குரியதாக இருக்கும் வட்டிக் கணக்கையும் நீங்களே ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. தேடியதில் 2021 ஜூலையில் நான் வங்கிக்கு அனுப்பிய மின்னஞ்சல் ஒன்று கிடைத்தது. "என் பெயரில் பாக்கி உள்ளதை அறிவேன், வேலை கிடைத்ததும் செலுத்துகிறேன், வட்டியைக் குறைத்துத் தாருங்கள்" என்று எழுதியிருக்கிறேன். இதனால் எல்லாம் மாறிவிடுமா?

மறுமொழி (வழக்கறிஞர், மதுரை)

மாறும். ஆயினும் கவலைப்படும்படியாக இல்லை. அந்த மின்னஞ்சல் ஒப்புதலாக ஏற்கப்பட்டால் 2021 ஜூலையிலிருந்து புதிய மூன்று ஆண்டுகள் தொடங்கும். அதில் 28.02.2022 வரையிலான காலம் கணக்கில் சேராது. எனவே 01.03.2022 முதல் மூன்று ஆண்டுகள் எண்ணினால் 2025 பிப்ரவரி இறுதியில் முடிகிறது. இன்று அக்டோபர். அதற்கு முன்பே உங்களுக்குத் தெரியாமல் வழக்குத் தாக்கலாகியிருக்கிறதா என்பதுதான் இனி முக்கியமான கேள்வி. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், உங்கள் பெயர், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்து இலவசமாகத் தேடலாம். திருப்பூர் மட்டுமின்றி, கார்டு வாங்கிய கிளை இருந்த மாவட்டத்திலும் தேடுங்கள். பெயரை முதலெழுத்து முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

எதுவும் இல்லையென்றால் சுருக்கமாக ஒரு பதில் அனுப்புங்கள். வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"தங்கள் நோட்டீஸ் கிடைக்கப்பெற்றேன். எனது சட்டபூர்வ உரிமைகளுக்குப் பாதகமின்றியும், எவ்விதக் கடனையோ பொறுப்பையோ ஒப்புக்கொள்ளாமலும் இப்பதிலை அனுப்புகிறேன். தாங்கள் குறிப்பிடும் கோரிக்கை மறுக்கப்படுகிறது, அது காலவரையறைச் சட்டத்தாலும் தடைபட்டுள்ளது. கோரிக்கையை வலியுறுத்துவதாயின் கார்டு ஒப்பந்தத்தின் நகல், தொடக்கம் முதலான முழுக் கணக்கு அறிக்கை, தங்கள் கட்சிக்காரருக்கு இக்கடன் மாற்றித் தரப்பட்டிருந்தால் அதற்கான ஆவணம் ஆகியவற்றை அனுப்பவும். இனி எழுத்துமூலம் மட்டுமே தொடர்புகொள்ளவும்."

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். வேலை போனது, குடும்பச் சூழல், எப்போது முடியும் என்பவற்றை எழுதும்போதுதான் ஒப்புதல் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்பி, அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

மறுமொழி (ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கோயம்புத்தூர்)

மாற்றித் தந்த ஆவணத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வராக்கடன்களை வங்கிகள் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்றுவிடுகின்றன. நோட்டீஸ் வங்கியின் சார்பில் வந்ததா, வாங்கிய நிறுவனத்தின் சார்பில் வந்ததா என்று தெரியாமல் யாருக்கும் பணம் தரக்கூடாது. சிபில் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பெறலாம், கடன் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பது பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும்.

வசதி வந்தபின் இதை முடித்துக்கொள்ள நீங்களே விரும்பினால் அதையும் நான் மதிக்கிறேன். அப்போது ஒரே தொகையாகப் பேசி, இவ்வளவு செலுத்தினால் கணக்கு முழுமையாகத் தீர்ந்தது என்ற கடிதத்தை அவர்களின் அலுவல் மின்னஞ்சலிலிருந்து முதலில் பெற்று, அதன்பின் கடன் கணக்குக்கே நேரடியாகச் செலுத்துங்கள். முகவரின் தனிப்பட்ட யுபிஐ எண்ணுக்கு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இ-கோர்ட்ஸில் இரண்டு மாவட்டங்களிலும் தேடினேன், என் பெயரில் வழக்கு எதுவும் இல்லை. பதிலையும் அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு ஐயம் இருக்கிறது. ஒருவேளை சம்மன் வந்தால் என்ன செய்ய வேண்டும்? மக்கள் நீதிமன்றத்துக்கு அழைப்போம் என்றும் முகவர் சொன்னார்.

மறுமொழி (வழக்கறிஞர், மதுரை)

சம்மன் வந்தால் எக்காரணம் கொண்டும் அலட்சியப்படுத்தக்கூடாது. காலவரம்பு கடந்த வழக்கைப் பிரதிவாதி சொல்லாவிட்டாலும் நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 3 கூறுகிறது. ஆயினும் நீங்கள் போகாமலிருந்தால் வாதி சொல்லும் தேதிகளை மறுக்க ஆளில்லாமல், ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாணை வந்துவிடலாம். அப்படியொரு தீர்ப்பாணை வந்தால் 12 ஆண்டுகள் வரை அதை நிறைவேற்ற மனுச் செய்யலாம், சம்பளத்தில் ஒரு பகுதியையும் பற்றலாம். எனவே சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் எதிருரை (வழக்குக்கான எழுத்துமூலப் பதில்) தாக்கல் செய்யுங்கள். தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் 90 நாட்கள் வரை அனுமதிக்கலாம். வழக்கறிஞர் கட்டணத்துக்காகத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. திருப்பூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவர் மன்றத்திலிருந்து (ஆர்பிட்ரேஷன்) கடிதம் வந்தாலும் இதே கவனம் தேவை. கார்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலும் நடுவர் தீர்ப்புக்கான விதி இருக்கும், தொலைதூர நகரம் ஒன்றில் விசாரணை என்று தேதி குறித்து அனுப்புவார்கள். வங்கி தன்னிச்சையாக நடுவரை நியமிப்பது செல்லாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2019-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து தெளிவாகிவிட்டது. அந்த ஆட்சேபணையையும் காலவரம்பையும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். பதிலில்லாமல் விட்டால், அங்கே பிறக்கும் தீர்ப்பும் நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றத்தக்கது.

மக்கள் நீதிமன்றம் சமரசத்துக்கான இடம். அங்கே உங்கள் சம்மதமின்றி எதையும் தீர்மானிக்க முடியாது. வழக்குத் தாக்கலாகும் முன் வரும் அழைப்புக்குப் போகாவிட்டாலும் அதற்காக உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வராது. ஆனால் போய்ச் சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. ஆகவே போவதானால் தொகையை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போங்கள், அங்கே நீட்டும் தாளை முழுவதும் படித்துப் பாருங்கள், மனத்துக்கு ஒவ்வாவிட்டால் கையெழுத்திடாமல் திரும்பி வாருங்கள்.