150 லிட்டர் கடல் தொட்டி, நைட்ரேட் 80: வேதாரண்யம் உப்பு போடலாமா?

மாயவரம்_தொட்டி:
வணக்கம். மூன்றடி தொட்டி (90×45×45 செ.மீ). மணல், கல் போக 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். க்ளவுன் மீன் ஒரு ஜோடி, கொஞ்சம் லைவ் ராக் (நல்ல பாக்டீரியா குடியிருக்கும் கடல் கல்), கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடின ஃபில்டர் டப்பா) இருக்கு. ஸ்கிம்மர் (நுரையோடு கழிவைப் பிரிக்கும் கருவி) இல்லை. இன்று காலை எடுத்த டெஸ்ட்: அம்மோனியா 0.25, நைட்ரைட் 0, நைட்ரேட் 80 (மூணும் மீன் கழிவில் வருவது, அளவு பி.பி.எம்), பி.எச் 7.8, வெப்பம் 31. உப்பின் அடர்த்தி கண்ணாடி ஹைட்ரோமீட்டரில் 1.023.

தண்ணீர் மாற்றணும்னு தெரியுது, உப்பு பாக்கெட் விலைதான் கட்டுப்படி ஆகலை. வேதாரண்யம் கல் உப்பு லிட்டருக்கு 35 கிராம் கரைச்சு ஊற்றினால் என்ன? இல்லைன்னா தரங்கம்பாடியில் கடல் தண்ணீரே பிடிச்சு வரலாமா? தண்ணீர் சரியானதும் கடல் குதிரை ஒரு ஜோடி விடணும்னு ஆசை.

அலையாத்தி:
கடைசி ஆசையை முதலில் விட்டுடுங்க தம்பி. கடல் குதிரை மட்டுமில்லை, அந்தக் குடும்பத்தில் வரும் குழல் மீனும் சேர்த்து 2001-இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தாச்சு, புலிக்குக் கொடுத்த அதே இடம். வலையில் சிக்கியது, ஒரு பையன் கொண்டுவந்து கொடுத்தான் என்பதெல்லாம் எடுபடாது. க்ளவுனோடு நில்லுங்க, அது குஞ்சு பொரிப்பகத்திலேயே வளர்த்தது கிடைக்குது.

உப்பளத்தார்:
கல் உப்பு வேண்டவே வேண்டாம். உப்பளத்தில் கடல் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக வற்ற விடுவாங்க. முன் பாத்திகளிலேயே சுண்ணாம்பும் ஜிப்சமும் படிஞ்சு தங்கிடும். கடைசிப் பாத்தியில் விளைவது கிட்டத்தட்ட சோடியம் குளோரைடு மட்டும். மெக்னீசியமும் பொட்டாசியமும் மிஞ்சுற கசப்புத் தண்ணீரோடு வடிஞ்சு போயிடும். நீங்க 35 கிராம் கரைச்சா ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) சரியாத்தான் காட்டும், அதுக்கு எந்த உப்புன்னு தெரியாது. ஆனால் அந்தத் தண்ணீரில் கடல் தொட்டிக்கு வேண்டிய கால்சியம் 420 பி.பி.எம், மெக்னீசியம் 1300 பி.பி.எம், காரத்தன்மை 8 டி.கே.எச் (காரத்தன்மையின் அலகு) எதுவும் இருக்காது. காரத்தன்மை இல்லாத தண்ணீரில் பி.எச் நிற்கவும் நிற்காது.

கடல் தண்ணீர் பிடிக்கலாம், கரையில் நின்னு குடத்தில் மொள்ளக் கூடாது. வடிகால், ஆற்று முகத்துவாரம், இறால் பண்ணை வாய்க்கால் விழும் இடங்களைத் தவிர்த்து, படகில் உள்ளே போய் எடுக்கணும். ஐப்பசி, கார்த்திகையில் எடுக்கவே வேண்டாம்: மழை வெள்ளம் கலந்து உப்பு இறங்கியிருக்கும், வயல் உரமும் சேர்ந்திருக்கும்.

பாக்கெட் உப்புதான் கடைசியில் மலிவு. செலவைக் குறைக்கிற இடம் வேறே. எந்தத் தண்ணீரில் கரைக்கிறீங்க? போர் தண்ணீரா? நம்ம பக்கம் போரில் உப்பும் கடினமும் ஏறிக்கிடக்கு. வயலை ஒட்டிய போர்னா நைட்ரேட்டும் இருக்கலாம், டெஸ்ட் கிட்டில் அதையும் ஒரு தடவை பாருங்க. வீட்டு ஆர்.ஓ தண்ணீரும் அப்படியே ஆகாது. குடிக்க ருசிக்காக டி.டி.எஸ் (கரைஞ்ச உப்பு அளவு) கன்ட்ரோலர் திருகு வழியா வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துதான் விடும். அந்தத் திருகை முழுசா மூடி, மினரல் கார்ட்ரிட்ஜுக்கு முன்னாடியே தண்ணீரை எடுத்து, பின்னால் ஒரு டி.ஐ ரெசின் குழாய் (மிச்ச உப்பையும் பிடிக்கும் மணிகள் அடைச்சது) மாட்டுங்க. டி.டி.எஸ் மீட்டரில் 0 வரணும். 5 தாண்டினா ரெசின் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம்.

நைட்ரேட்டைக் குறைக்க ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாத்தாதீங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் 25 சதவீதம், மூணு தடவை: 80, 60, 45, 34 என்று இறங்கும். ஒரு தடவைக்குச் சுமார் 38 லிட்டர், உப்பு 1.4 கிலோவை ஒட்டி. முந்தின நாளே கலந்து, பம்ப் ஓடவிட்டு, தொட்டியின் வெப்பத்துக்கு வந்த பிறகு ஊற்றணும்.

கொள்ளிடக்கரை:
உப்பளத்தார் சொன்னதோடு ரெண்டு விஷயம்.

உங்க 1.023 உண்மையில் 1.023 இல்லை. ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 25 டிகிரிக்கு அளவிட்டது. 31-இல் தண்ணீர் லேசாகிறதால் 0.002 வரை குறைத்துக் காட்டும். குறையுதுன்னு நினைச்சு உப்பு சேர்த்திருந்தா இப்போ கூடுதலா நிற்கும். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினா, நல்ல தண்ணீரை வைத்துச் சரிபார்த்தால் போதாது, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலை வைத்துப் பாருங்க.

பி.எச் 7.8-ஐப் பார்த்து உடனே பஃபர் (பி.எச் ஏற்றும் பொடி) கொட்டாதீங்க. அம்மோனியா 0.25 இருக்கும்போது பி.எச்சும் வெப்பமும் ஏறினா அதே அம்மோனியா அதிக விஷமாகும். முதலில் அது 0 ஆகட்டும். ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை வெளித்திண்ணையில் ஒரு மணி நேரம் ஏர் பம்ப் போட்டு மறுபடி அளங்க. பி.எச் ஏறினா குறை தண்ணீரில் இல்லை, ஏ.சி. போட்டு அடைச்ச அறையில் தேங்கின கார்பன் டை ஆக்சைடில். ஏறலைன்னா காரத்தன்மை குறைவு: 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா போட்டால் 1 டி.கே.எச் ஏறும், ஒரு நாளில் அதற்கு மேல் வேண்டாம். பேக்கிங் பவுடர் வேற, அதைப் போட்டுடாதீங்க.

31 டிகிரியை இறக்க, தொட்டிக்கு மேலே சின்ன ஃபேன் வைங்க. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் மதுரை, திருச்சி மாதிரி இறங்காது, 2 டிகிரி குறைஞ்சா போதும்னு வைங்க. ஆனால் ஆவியாகிறது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். ஒரு நாளில் 4 லிட்டர் போனாலே 35 பிபிடி 36 ஆகிடும். ஈடுகட்ட ஊற்றுவது ஆர்.ஓ நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் இல்லை.

மாயவரம்_தொட்டி:
நன்றி அண்ணா. ஆர்.ஓ திருகைப் பார்க்கிறேன். கரன்ட் போனா என்ன செய்யறது? எங்க ஏரியாவில் அடிக்கடி போகும்.

கொள்ளிடக்கரை:
பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கட்டாயம். கேனிஸ்டர்தான் ஆபத்து: ரெண்டு மூணு மணி நேரம் நின்னா உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். கரன்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணீர் நேரா தொட்டிக்குள்ளே போகும். வந்த உடனே ஓட விடாம, வால்வை மூடி, கேனிஸ்டர் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து தனியா எடுத்த தண்ணீரில் அலசிட்டு மாட்டுங்க. குழாய்த் தண்ணீரில் அலசினா குளோரின் மிச்ச பாக்டீரியாவையும் கொன்னுடும். அன்னிக்குத் தீனி போடவேண்டாம், மறுநாள் அம்மோனியா பாருங்க.