செல்ப் அடிக்கும்போது கார் முழுக்க இருண்டுவிடுகிறது: இதற்கு என்ன சொல்?

திருகோணமலையில் இருந்து:

அன்பின் நண்பர்களுக்கு,

செல்ப் (எஞ்சினைத் துவக்கும் மோட்டர்) அடிக்கும்போது வோல்ற் இறங்கி வண்டி இருண்டுபோவதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். நம்மில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'துவக்க மின்னழுத்தச் சரிவு' என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாவற்றையும் அது அடக்கிவிடும்.

எல்லாவற்றையும் அடக்குவதுதான் சிக்கல். சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்ட் அணைந்து, சில வண்டிகளில் கடிகாரமும் பூச்சியத்துக்குப் போய்விடும். பற்றரியே களைத்திருந்தாலும் இப்படி நடக்கும். பற்றரி நன்றாக இருந்து, டெர்மினல் கவ்வியிலோ (பற்றரி முனையில் வயரைப் பிடித்திருப்பது) ஏர்த் வயரிலோ (நெகட்டிவ் முனையை வண்டியின் உடலோடு இணைப்பது) தொடுகை கெட்டிருந்தாலும் இப்படித்தான் நடக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் கராஜில் நடக்கும் கூத்துத்தான் நடக்கும். புதுப் பற்றரி போடுவார்கள், கார் கொஞ்ச நாள் ஓடும். மாற்றும்போது கவ்வியைச் சுரண்டி இறுக்கினார்கள் அல்லவா, அதனால் ஓடியது! பிறகு பழைய கதை.

கவ்வியில் 0.05 ஓம் மின்தடை இருப்பதாக வையுங்கள். முன்விளக்குகள் இரண்டும் 10 அம்பியர் அளவில் எடுக்கும். அரை வோல்ற்தான் குறையும், கண்ணுக்குத் தெரியாது. செல்ப் மோட்டர் 150 அம்பியர் கேட்டால் 7.5 வோல்ற் அந்தக் கவ்வியிலேயே தொலைந்துவிடும். 'விளக்கு எரியுது, அப்ப இணைப்புச் சரி' என்பது இதனால்தான் பிழை.

மல்ரிமீற்றரை (வோல்ற் அளக்கும் கருவி) பற்றரியின் ஈய முனைகளில் வைத்து (கவ்வியில் அல்ல) ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 12.6 வோல்ற்றில் நின்றது 9.6க்குக் கீழே இறங்கினால் முதல் சந்தேகம் பற்றரி மேல். வண்டி இருண்டு கிடக்க மீற்றர் மட்டும் 12க்கு மேல் நின்றால் குற்றம் வெளியே. அப்போது ஒரு நுனியை முனையிலும் மற்றதை அதே முனையின் கவ்வியிலும் வைத்து மறுபடி சாவி திருப்புங்கள். 0.2 வோல்ற்றைத் தாண்டினால் கழற்றிச் சுரண்ட வேண்டியதுதான் (நெகட்டிவ் கவ்வியை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுங்கள்). நெகட்டிவ் முனைக்கும் எஞ்சினுக்கும் இடையிலும் அதே அளவுதான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரம் நிற்கும் வண்டி என்றால் நான் ஏர்த் வயர் சசியில் (வண்டியின் இரும்புச் சட்டம்) பூட்டிய இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். உப்புக்காற்றில் அந்த போல்ட் துருப்பிடித்துப் போகும்.

ஆகவே என் யோசனை: பற்றரிக்குள் நடப்பது 'சுமைத் தொய்வு', வெளியே நடப்பது 'இணைப்பு வீழ்ச்சி'.

யாழ்ப்பாணத்தில் இருந்து:

தொய்வு என்றால் எங்கள் வீட்டில் இழுப்பு நோய் ஐயா. அம்மாவுக்கு இருக்கிறது.

கோவையில் இருந்து:

தொய்வு இங்கே நன்றாகவே புரியும். 'இணைப்பு வீழ்ச்சி'தான் உதைக்கிறது, இன்டர்நெட் கட் ஆனது போல. கம்பியும் கவ்வியும் இருக்கத்தான் செய்கின்றன, போகிற வழியில் கொஞ்சம் தின்றுவிடுகின்றன. நகைக்கடையில் சேதாரம் என்கிறோமே, அது போல 'வழிச் சேதாரம்' சரிப்படுமா? 0.2 வோல்ட் வரை சேதாரம் பரவாயில்லை, 2 வோல்ட் சேதாரம் என்றால் கவ்வியைக் கழற்று என்று மெக்கானிக்கிடம் அப்படியே சொல்லலாம்.

திருகோணமலையில் இருந்து:

வழிச் சேதாரத்துக்கு என் வாக்கு. அளவோடு சேர்த்துச் சொல்ல வருகிறது, அதுதான் முக்கியம், 'வீழ்ச்சி'யைக் கைவிடுகிறேன். தொய்வை விடமாட்டேன். பற்றரி களைத்தால் செல்ப் இழுத்து இழுத்துத்தான் முனகும், யாழ்ப்பாண நண்பர் மன்னிக்கட்டும்.

இனி ஒன்று மிச்சம். செல்ப் மோட்டரே பழுதாகி அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்தாலும் ஈய முனைகளில் 9.6க்குக் கீழேதான் காட்டும். அதைச் சுமைத் தொய்வில் சேர்த்தால் நல்ல பற்றரி மறுபடி குப்பைக்குப் போகும். 'மிகையிழுவை' என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே முழுத் திருப்தி இல்லை. கராஜில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் அங்கே என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.